விரலை எடுத்த பிறகும் மறையாத குழி

காலை ஷிப்ட் பஸ். ஒரகடம் கூட்டுரோட்டுக்கு முன்னால் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதில் எங்கள் பஸ்ஸும் நின்றுவிட்டது. ஜன்னலோரம் சுகன்யா துப்பட்டாவை நெற்றி வரை இழுத்து விட்டுக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடது கை என் மடியில் இருந்தது.

மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் தள்ளி, உள்பக்கம், இரண்டு நரம்புகளுக்கு நடுவில் என் கட்டைவிரலை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன். தினமும் செய்கிற வேலைதான். அமுக்கும்போது மூச்சை உள்ளே இழு, விடும்போது வெளியே விடு என்பேன். அவளும் சொன்னபடி செய்வாள்.

லாரி நகர்ந்து, பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. விழாமல் இருக்க முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தால், என் கட்டைவிரல் இருந்த இடத்தில் ஒரு குழி. பிசைந்து வைத்த சப்பாத்தி மாவில் விரலை அழுத்தி எடுத்த மாதிரி இருந்தது. எழும்பி வந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

என் கையில் அதே இடத்தில் அமுக்கிப் பார்த்தேன். வெளுத்தது, சிவந்தது, பழையபடி ஆகிவிட்டது. மறுபடி அவள் கையில், கொஞ்சம் தள்ளி அமுக்கினேன். அங்கேயும் குழி விழுந்தது.

அமுக்குவதை நிறுத்திவிட்டேன். அந்தப் பெண்ணோ கண்ணைத் திறக்காமலே, "நிறுத்தாதக்கா, இப்பதான் கொஞ்சம் நல்லா கீது" என்றாள்.

பழைய வாடிக்கையாளர்

போன வாரம் இந்தப் பத்தியில் கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்களுக்குக் குறை சொல்வதைத் தவிர வேறு தெரியாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தெரியும் அம்மா. கவலைப்படத் தெரியும். அதில் எனக்குப் பட்டமே கொடுக்கலாம். வெயில் அடித்தால் மழை வந்துவிடுமே என்று கவலைப்படுகிற ஜென்மம் என்று என் வீட்டுக்காரர் என்னைச் சொல்வார். அவருக்கு என்ன, அவருக்குத் தலைவலி வந்ததில்லை.

எனக்கு ஒற்றைத் தலைவலி. கல்யாணத்துக்கு முன்பே வந்தது, என்னோடு புகுந்த ஊரான வடக்குப்பட்டுக்குச் சீராக வந்தது, இன்னும் போகவில்லை. முதலில் கண்ணோரத்தில் ஒரு மினுமினுப்பு தெரியும். ரம்பத்தின் பல் மாதிரி அது வளைந்து வளைந்து பெரிதாகும். அது மறைந்த கொஞ்ச நேரத்தில் வலது பொட்டில் ஆரம்பிக்கும். அப்புறம் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது. வாந்தி எடுத்தால்தான் ஓயும்.

இப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். எங்கள் கம்பெனியில் கார்களுக்கு ஹெட்லைட் செய்கிறோம். கடைசிச் சோதனை என் வேலை. கறுப்புத் திரை போட்ட பூத்துக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு ஹெட்லைட்டாக எரியவிட்டு, கீறல் இருக்கிறதா, உள்ளே தூசி இருக்கிறதா, வெளிச்சம் சரியான கோட்டில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஷிப்ட் முழுக்க விளக்கை முறைத்துப் பார்க்கிற வேலை.

விட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். பூத் வேலை என்பது உட்கார்ந்து செய்கிற வேலை. சம்பளமும் கொஞ்சம் கூட. மற்ற இடங்களில் நின்றே சாக வேண்டும். தலைவலி என்று வாயைத் திறந்தால், கண் சரியில்லை என்று பூத்திலிருந்து தூக்கிவிடுவார்கள். அதனால் திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக, வலித்தாலும் கம்மென்று இருந்தேன். ஓவர்கோட் பையில் மாத்திரை, வாயில் ஒரு கிராம்பு. கேட்டால் பல்வலி என்பேன்.

ஏ.சி. அறையில் கற்றது

ஒரு சனிக்கிழமை, மன அழுத்தம் போக்கும் பயிற்சி என்று கம்பெனிக்கு ஓர் அம்மாவைக் கூட்டிவந்தார்கள். மன அழுத்தம் தருகிறவர்கள் யாரும் அந்த அறைக்கு வரவில்லை, எங்களை மட்டும் உட்காரவைத்தார்கள். ஏ.சி. நன்றாக இருந்ததால் பாதிப் பேர் தூங்கிவிட்டோம். அக்குபிரஷர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நான் விழித்துக்கொண்டேன்.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினால் நடுவில் ஒரு சதை மேடு எழும்பும். அதுதான் தலைவலிக்கான முதல் இடம் என்றார் அந்த அம்மா. பிறகு பிடரியில், மண்டை ஓடு முடிகிற இடத்தில், கழுத்து நரம்புகளுக்கு வெளிப்பக்கம் இரண்டு பள்ளங்கள். இரண்டு புருவமும் சேருகிற இடம். கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஓரிடம். குமட்டலுக்கு, மணிக்கட்டுக்குக் கீழே மூன்று விரல் தள்ளி.

அது வேலை செய்கிறதா என்று நீங்கள் கேட்பீர்கள். நேர்மையாகச் சொல்கிறேன். எனக்குப் பத்துப் பங்கு வலியில் மூன்று பங்கைத் தின்னும். மிச்சத்தை நான்தான் தின்ன வேண்டும். மினுமினுப்பு தெரிகிறபோதே ஆரம்பித்தால் கொஞ்சம் கூடத் தின்னும். வலி ஏறிய பிறகு அமுக்கினால் விரல்தான் வலிக்கும். ஆனால் அந்த மூன்று பங்கே எனக்குப் பெரிய விஷயம். பூத்துக்குள் இருட்டில் யாருக்கும் தெரியாமல், கையுறைக்கு மேலாகவே அமுக்கிக்கொள்ளலாம். எந்தச் சூப்பர்வைசரும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். கட்டைவிரல் மேட்டை முழுகாமல் இருக்கிற பெண்களுக்கு அமுக்க வேண்டாம் என்றார். அதெல்லாம் சும்மா என்று பிறகு சிலர் சொன்னார்கள், இல்லை நிஜம் என்று வேறு சிலர் சொன்னார்கள். யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாது. பயப்படுகிறவளுக்கு ஒரு பயம் கிடைத்தால் போதாதா? கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பஸ்ஸில் ஒரு கேள்வி

நான் என் வலிக்குக் கற்றுக்கொண்டது எப்படியோ பஸ் முழுக்கப் பரவிவிட்டது. ஓ.டி. பார்த்துவிட்டு வருகிறவள், தூக்கம் கெட்டவள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு ஏறினவள் என்று ஆளாளுக்கு என் சீட்டுக்கு வந்து கையை நீட்டுவார்கள். "மகேசக்கா, ஒரு அமுக்கு."

நான் கையைத் தொடுவதற்கு முன்னால், கல்யாணமான பெண் யாராக இருந்தாலும், காதோடு ஒரு கேள்வி கேட்பேன். "முழுகாம இருக்கியா?"

இதை வைத்து என்னைக் கிண்டல் செய்யாத ஆள் பஸ்ஸில் இல்லை. ஐம்பதைத் தாண்டிய கேன்டீன் அம்மா ஒருத்தி, "கேளு மகேசு, கேக்கறதுக்காவது ஒரு ஆள் கீறியே" என்று சொன்னதும் டிரைவர் வரை சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நான் கேட்பதை நிறுத்தவில்லை.

சுகன்யா எங்கள் பஸ்ஸில் புதிதாக வந்து சேர்ந்தவள். வாலாஜாபாத்தில் ஏறுவாள். என் பக்கத்து பூத் அவளுடையது. நல்ல உயரம், அகன்ற தோள், வாயைத் திறந்தால் மூடமாட்டாள். அவள் புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், ஒருநாள் சவாரி இருந்தால் இரண்டு நாள் இருக்காது. வீடு நடப்பது இவள் சம்பளத்தில்தான்.

ஒருநாள் தலைவலி என்று அவளும் கையை நீட்டினாள். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். எல்லாரும் சிரிப்பார்கள், இல்லை என்பார்கள். இவள் சிரிக்கவில்லை. நீட்டின கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

அதுவே பதில்தான். கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "யார்கிட்டயும் சொல்லிடாதக்கா" என்றாள்.

அவளைப் போன்ற காண்ட்ராக்ட் ஆட்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வேலையைப் புதுப்பித்து, பெயர்ப் பட்டியல் போடுவார்கள். முன்பு வேறொரு கம்பெனியில் இருந்தபோது, உண்டானதை அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள். ரெஸ்ட் எடுத்துட்டு வாம்மா என்று அன்பாக அனுப்பினார்கள். திரும்பக் கூப்பிடவே இல்லை. அந்தக் குழந்தையும் தங்கவில்லை. இந்தத் தடவை பெயர் வருகிற வரைக்கும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். ஓவர்கோட் தொளதொளவென்று இருக்கும், அவளுக்கோ பெரிய உடல்வாகு, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சொல்லமாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து அவளுக்குக் கட்டைவிரல் மேட்டை விட்டுவிட்டு மணிக்கட்டில் மட்டும் அமுக்கினேன். அவளுடைய ரகசியத்தையும் சேர்த்து மடியில் நெருப்பாகக் கட்டிக்கொண்டேன்.

"நீயும் நம்ம கட்சிதான்"

ஏழாம் மாதத்தில் அவளுக்குத் தலைவலி தினமும் வர ஆரம்பித்தது. மாத்திரை சாப்பிட பயம். என்னிடம்தான் வருவாள். ஒருநாள் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி மினுமினு என்று தெரிகிறது என்றாள்.

எனக்கு அதைக் கேட்டு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு சந்தோஷம் வந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இத்தனை வருஷமாக நான் அந்த மினுமினுப்பைச் சொல்லும்போதெல்லாம் வீட்டில் எல்லாரும் கதை கேட்கிற மாதிரிக் கேட்டார்கள். முதல் தடவையாக ஒருத்தி அதையே எனக்குத் திருப்பிச் சொல்கிறாள்.

"அப்போ நீயும் நம்ம கட்சிதான்" என்றேன். இது ஒற்றைத் தலைவலி, பூத் வெளிச்சத்தால் வருவது, பிள்ளை பெற்றால் சிலருக்குப் போய்விடும் என்று ஒரு டாக்டரைப் போலப் பேசினேன். தலை முழுக்க வலிக்கிறது என்று அவள் சொன்னது என் காதில் ஏறவில்லை. தலைவலி என்றால் என்னுடையது மாதிரித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். எங்கள் பஸ்ஸில் எல்லாருக்குமே அந்த எண்ணம்தான். வலி என்றால் ஷிப்ட்டால், லைட்டால், ஓ.டி.யால். வேறு எதனாலும் ஒரு உடம்பு வலிக்கலாம் என்று நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

மறுபடி அந்த ஜன்னலோரம்

பஸ் கூட்டுரோட்டைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் சாலையில் திரும்பியது. நான் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போன சமயத்தில் டாக்டர் அவர் முழங்காலுக்குக் கீழே இப்படித்தான் அமுக்கிப் பார்ப்பார். விரலை எடுத்தபின் குழி எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று நாங்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்று பார்ப்போம். அதிலிருந்து குழி என்றாலே எனக்கு ஆகாது.

சுகன்யாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். இமைகள் தடித்திருந்தன. கன்னம் போட்டுவிட்டாள் என்று முந்தின வாரம் பஸ்ஸில் கிண்டல் செய்திருந்தார்கள். விரலில் மோதிரம் இல்லை. கேட்டால், இறுகிப் போச்சு, சோப்புப் போட்டுக் கழற்றினேன் என்றாள். கால் வீங்கினால் சகஜம் என்று எல்லாரும் சொல்வார்கள். கையும் முகமும் வீங்கினால் என்ன என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பி.பி. எப்போது பார்த்தாய் என்று கேட்டேன். போன மாதச் செக்கப்புக்கே போகவில்லையாம். புதுப்பிக்கிற நேரத்தில் லீவு போட்டால் பெயர் கெட்டுவிடும் என்று விட்டிருக்கிறாள். இன்றைக்கே பார்க்க வேண்டும் என்றேன்.

அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். "எங்க பாக்கறது? மெடிக்கல் ரூம்லயா? அங்க போனா இன்னா ஆவும்னு உனுக்குத் தெரியாதா? வெள்ளிக்கெழம பேரு வந்துடும்க்கா. அதுவரிக்கும் வுட்டுடு."

"வெள்ளிக்கெழமக்குள்ள எதுனா ஆச்சுன்னா?"

"ஆவாது. நீ சும்மா பயந்துக்கினு கெடப்ப. உன்னப்பத்தித் தெரியாதா?"

நான் பயந்துகொண்டேதான் கிடப்பேன், ஊருக்கே தெரியும். நூறு தடவை பயந்ததில் தொண்ணூற்றொன்பது தடவை ஒன்றும் ஆனதில்லை. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கம்பெனி கேட்டில் இறங்கினேன். பஞ்ச் வைத்தபோது வருகைப் பதிவு மெஷின் என் விரலை இரண்டு தடவை ஏற்கவில்லை. அவ்வளவு வியர்த்திருந்தது.

நான் சொல்லாத வார்த்தை

பூத்துக்குள் உட்கார்ந்தேன். விளக்குகள் வந்தன, எரிந்தன, போயின. ஒன்றையும் நான் பார்க்கவில்லை. காது முழுக்கப் பக்கத்து பூத்தில்தான் இருந்தது. சரியான ஹெட்லைட்டை அவள் டிரேயில் வைக்கிற சத்தம் கேட்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். கேட்டதும் விடுவேன். குன்றத்தூர் முருகனுக்கு மனசுக்குள் மொட்டையே போட்டுவிட்டேன், யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை.

டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. திரையை விலக்கிப் பார்த்தேன். ஒரு ஹெட்லைட்டை எரியவிட்டு அதையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது ரெண்டா எரியுது" என்றாள். மார்புக்குக் கீழே எரிச்சலாக இருக்கிறது, காலையில் சாப்பிட்ட வடை ஒத்துக்கொள்ளவில்லை போல என்றும் சொன்னாள்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மெடிக்கல் ரூமுக்குப் போகிறவர் வழியில் மயங்கி விழுந்துவிடக் கூடாது என்று கூட ஒரு ஆளை அனுப்புவார்கள். நோயாளி யாரைக் கேட்கிறாரோ அவரையே அனுப்புவார்கள். இவள் போகமாட்டாள். நான் போனால் இவள் கூட வந்துதான் ஆக வேண்டும்.

சூப்பர்வைசரிடம் போய், இத்தனை வருஷமாக அந்தக் கூரைக்குக் கீழே நான் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன். "தம்பி, எனக்குத் தலைவலி."

அவர் நம்பவில்லை. ஊருக்கெல்லாம் அமுக்கிவிடுகிறவருக்கே தலைவலியா என்று சிரித்தார். அடிக்கடி வருமா என்று கேட்டார். வரும் என்றேன். லைட்டாலா என்றார். லைட்டால்தான், பல வருஷமாக வருகிறது என்றேன். அவர் சிரிப்பு நின்றது. துணைக்குச் சுகன்யாவை அனுப்புங்கள் என்றேன். அவர் தலையாட்டும்போதே என் பூத் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மெடிக்கல் ரூமில் ஜெயா சிஸ்டர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம், அதட்டாமல் வேலை வாங்குகிறவர். முதலில் என் கையில் பட்டையைச் சுற்றி அளந்தார். எனக்குச் சரியாக இருந்தது. எழுந்துகொண்டே, "இவளுக்கும் ஒருவாட்டி பாத்துடுங்க சிஸ்டர், சும்மாதான்" என்றேன்.

சுகன்யா என்னை முறைத்தாள். ஆனால் சிஸ்டர் அதற்குள் அவள் கையில் பட்டையைச் சுற்றிவிட்டிருந்தார்.

மெஷின் உறுமி நின்றது. சிஸ்டர் பார்த்தார். பட்டையைக் கழற்றி அடுத்த கையில் கட்டினார். மறுபடி பார்த்தார். பிறகு எண் தெரிகிற பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார். "எத்தன மாசம்மா ஆகுது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றாள் சுகன்யா.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். சுகன்யாவும் என்னைப் பார்த்தாள். அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்த அதே கையை என் ஓவர்கோட் பைக்குள் வைத்திருந்தேன்.

"ஏழு" என்றேன்.

தலைவலிக்கு இத்தனை நாளாக என்ன செய்தீர்கள் என்று சிஸ்டர் கேட்டார். அமுக்கிவிட்டேன் என்றேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இது அமுக்குத தலைவலி இல்லக்கா" என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

நீட்டாத கை

ஆம்புலன்ஸில் அவளோடு நானும் ஏறினேன். சுகன்யா என் பக்கம் திரும்பவில்லை. நான் கையைப் பிடிக்கப் போனபோது இழுத்துக்கொண்டாள். முதல் நாள் பஸ்ஸில் இழுத்தது பயத்தால். இது வேறு. என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி ஒதுக்கியதில்லை, எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவள் பயந்துவிடுவாளே என்று அதற்கும் பயந்து அடக்கிக்கொண்டேன்.

பாதி வழியில் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, இது தங்குமா?" என்றாள்.

கையைக் கொடு என்றேன். கொடுத்தாள். அமுக்கவில்லை, வெறுமே பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வரைக்கும் பிடித்துக்கொண்டே போனேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். கர்ப்பத்தில் வருகிற ரத்த அழுத்தம், தலைவலியும் கண் மினுமினுப்பும் கை வீக்கமும் அதன் அறிகுறிகள், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்று டாக்டரம்மா, சேதி கேட்டு ஓடிவந்த அவள் புருஷனிடம் விளக்கினார். நான் பின்னால் நின்று கேட்டேன். மணிக்கட்டில் அமுக்கியதால் கெடுதலா என்று தயங்கிக் கேட்டேன். அதனால் ஒன்றுமில்லை, ஆனால் இந்த வியாதிக்கு அது வைத்தியமும் இல்லை என்றார். அந்த இரண்டு வாக்கியங்களில் எதை நினைத்து நிம்மதி அடைவது, எதை நினைத்துப் பதறுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். எங்கள் ஹெட்லைட்டை வைக்கிற அட்டைப்பெட்டியில் படுக்கவைத்தாலும் இடம் மிச்சம் இருக்கும், அவ்வளவு சின்னது.

வெள்ளிக்கிழமை பெயர்கள் வந்தன. சுகன்யாவின் பெயர் இல்லை. உடம்பு தேறியதும் வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். இதை அவளிடம் யார் சொல்வது என்று பஸ்ஸில் பெரிய பேச்சு நடந்தது. நான்தான் சொன்னேன். "தெரியும்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் இருந்த குழந்தையைப் பார்க்கப் போய்விட்டாள்.

என்னை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நிற்கிறேன், கால் கடுக்கிறது, சம்பளமும் குறைந்தது. விளக்கைப் பார்க்காததால் தலைவலி மட்டும் பாதியாகிவிட்டது. இதை முன்னாடியே செய்திருக்கலாமே என்றார் என் வீட்டுக்காரர். அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

கொலுசுக்குப் பதிலாக

குழந்தை தேறி, வாலாஜாபாத்தில் சுகன்யாவின் அம்மா வீட்டுக்குப் போனது. பஸ்ஸில் எல்லாரும் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. வெள்ளிக் கொலுசு என்றார்கள். நான் பி.பி. மெஷின் என்றேன். பிறந்த குழந்தைக்கு யாராவது பி.பி. மெஷின் சீர் வைப்பார்களா என்று கேன்டீன் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பிரசவத்துக்குப் பிறகும் கொஞ்ச நாள் அழுத்தம் ஏறலாம், கவனமாக இருங்கள் என்று டாக்டரம்மா சொன்னது என் காதிலேயே நின்றிருந்தது. கொலுசை அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம் என்று சண்டை போட்டு மெஷினையே வாங்கவைத்தேன்.

அதற்கப்புறம் என்னால் பழையபடி யாருக்கும் அமுக்க முடியவில்லை. பஸ்ஸில் கையை நீட்டினால், முதலில் ஒரு தடவை அமுக்கி, விரலை எடுத்துவிட்டு உற்றுப் பார்க்கிறேன். "ஜோசியம் பாக்கறியாக்கா?" என்று கேட்கிறார்கள்.

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. சுகன்யா.

"அக்கா, தல வலிக்குது."

டப்பாவை மூடி வைத்தேன். பேக்கிங் டேப் இழுக்கிற சத்தத்தில் காது கேட்காமல் வெளியே வந்தேன்.

"எங்க அமுக்கணும்? சொல்லு, நானே அமுக்கிக்கிறேன்."

"எங்கயும் அமுக்காத. மொதல்ல பட்டையக் கட்டு."

"கொழந்த மடியில தூங்குது."

"எறக்கி வுடு."

போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. குழந்தை சிணுங்கியது. பிறகு மெஷின் உறும ஆரம்பித்தது. அந்தச் சத்தம் ஓயவே ஓயாது போல இருந்தது. என் கட்டைவிரல் மேட்டை நானே அழுத்தி அழுத்தி நகம் பதிந்துவிட்டிருந்தது.

"மேல நூத்திப் பதினெட்டு. கீழ எழுவத்தாறு."

"இன்னொரு வாட்டி கட்டு."

"இன்னாக்கா நீ."

"கட்டு."

மறுபடி உறுமல். இரண்டாவது தடவையும் கிட்டத்தட்ட அதே எண்தான் வந்தது. கண் மினுமினுப்பு உண்டா, இரண்டு இரண்டாகத் தெரிகிறதா, மார்புக்குக் கீழே வலிக்கிறதா என்று கேட்டேன். எதுவும் இல்லை. ராத்திரி தூங்கினாயா என்று கேட்டேன். இவள் எங்கே தூங்கவிட்டாள் என்று குழந்தையைச் சொன்னாள். இதற்கு மேலும் விடாமல் வலித்தால் ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்று அவளைச் சொல்லவைத்தேன். அப்புறம்தான் என் முதுகு சுவரில் சாய்ந்தது.

"சரி. இது தூக்கம் கெட்ட வலி. கட்டவெரல் மேட்டுல அமுக்கு."

"அங்கியா? எனுக்கு அங்க கூடாதுன்னு சொன்னியே."

கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. "முழுகாம இருக்கியா?"

அவள் சிரித்தாள். ஆம்புலன்ஸில் ஏறிய நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. "இரு, எங்க வூட்டுக்காரரக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி இன்னும் சிரித்தாள். குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது.

அமுக்கிக்கொண்டிருக்கிறேன் என்றாள். இப்போது விரலை எடு என்றேன்.

"எடுத்துட்டேன்."

"பாரு. குழி கீதா?"

"இல்லக்கா" என்றாள். "ரொம்பிடுச்சு."